இணையம் இல்லாத கணினியிலும் மேனுவல் திறக்க வேண்டும்: வாடிக்கையாளர் இடத்தில் நிறுவும் மென்பொருளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் சின்னச் சின்ன மென்பொருள் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு இயந்திரக் கண்காணிப்பு, பிறையில் கிடங்குக் கணக்கு, கெடாப் பக்கம் செம்பனை ஆலைக்கு எடைமேடை மென்பொருள் என்று ஆளுக்கு ஒன்றைச் செய்து விற்கிறோம். பெரும்பாலும் வாடிக்கையாளரின் சொந்தக் கணினியிலேயே நிறுவிவிட்டு வருவோம், வருடக்கணக்கில் அது அங்கேயே ஓடும். ஆனால் மேனுவலை மட்டும் நம் வலைத்தளத்தில் வைத்துவிட்டு, மென்பொருளில் 'உதவி' பொத்தானை அழுத்தினால் அங்கே போகிற மாதிரி ஒரு லிங்க் கொடுத்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நமக்கு அது வசதிதான், ஒரு இடத்தில் திருத்தினால் போதும். அந்த வசதிக்கு விலை கொடுப்பவர் இரவு ஷிப்டில் நிற்கிற டெக்னீஷியன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனா ஆஃப்லைனா என்று சண்டை போட வேண்டாம், ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் எடுக்கலாம். ஆனால் நேரமும் ஆளும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மென்பொருளோடு சேர்ந்து போகிற பிரதியைத்தான் முதலில் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதுதான் கீழே.

படி 1: மேனுவல் எங்கே படிக்கப்படுகிறது என்று கேளுங்கள்

வாடிக்கையாளரின் ஐடி ஆளிடம் "இன்டர்நெட் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவர் மேசையில் இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: நம் மென்பொருள் ஓடும் அந்தக் கணினியிலிருந்து, அதைப் பயன்படுத்தும் ஆளின் கணக்கில், எந்தெந்தத் தளங்களுக்குப் போக முடியும்?

பதில் பெரும்பாலும் மூன்று வகையில் வரும். முற்றிலும் துண்டிக்கப்பட்ட உற்பத்தி நெட்வொர்க் ஒன்று. அங்கே கேமரா உள்ள கைப்பேசியைக்கூட லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிற தொழிற்சாலைகள் உண்டு. இணையம் உண்டு ஆனால் விட்டு விட்டு வரும் என்பது இன்னொன்று. தோட்டப்புற ஆலைகளில் மழை அடித்தால் தெரியும். மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது: பிராக்சி, அதாவது இணையத்துக்கு நடுவில் நிற்கும் இடைநிலை சர்வர், வழியாக அனுமதித்த சில தளங்கள் மட்டும் திறக்கும்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். உங்கள் மேனுவல் தளத்தை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கம் எழுத்துருவை ஒரு இடத்திலிருந்தும், தேடல் ஸ்கிரிப்ட்டை இன்னொரு இடத்திலிருந்தும் இழுக்கிறது. அந்த இடங்கள் பட்டியலில் இல்லை. நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால்கள் பல "முடியாது" என்று பதில்கூடச் சொல்லாமல் கோரிக்கையை அப்படியே விழுங்கிவிடும். பிரவுசர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஸ்கிரிப்ட் பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தால் அது வந்து சேரும்வரை கீழே உள்ள ஒரு வரியும் தெரியாது. அப்போதுதான் போன் வரும்: "அண்ணே, எரர் 1047 வருது, ஹெல்ப்ப அழுத்துனா வெள்ளையாவே நிக்குது." நாம் அலுவலகத்தில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்து "இங்க நல்லாத்தானே தம்பி இருக்கு" என்போம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

கூடவே இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள். அங்கே என்ன பிரவுசர், எந்தப் பதிப்பு? பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து தொழிற்சாலைகள் ஓடுகின்றன, புது இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே விண்டோஸ் 7 கணினியைக் கட்டிக்கொண்டு ஒரு பழைய இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு, அதற்கு மேல் ஏறாது. அப்புறம், வெளியிலிருந்து ஒரு ஃபைல் உள்ளே எப்படிப் போகிறது? யூஎஸ்பி போர்ட்டை மூடி வைத்திருப்பார்கள். வைரஸ் ஸ்கேன் செய்யத் தனிக் கணினி வைத்து, அது வழியாக மட்டும் ஏற்றுவார்கள். இந்தப் பதில் கடைசிப் படியில் உதவும்.

படி 2: எது உள்ளே, எது வெளியே

எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைக்க வேண்டியதில்லை. மென்பொருள் நின்றுபோனால், அல்லது நிற்கப் போகிறது என்றால் தேவைப்படும் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும்: நிறுவுவது, அப்கிரேடு செய்வது, அப்கிரேடு கெட்டால் பழையதற்குத் திரும்புவது, பேக்கப் எடுப்பதும் அதைத் திரும்ப ஏற்றுவதும், எரர் கோட் ஒவ்வொன்றுக்கும் விளக்கம், அமைப்புக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியின் பொருள், லாக் கோப்புகள் எந்த ஃபோல்டரில் விழுகின்றன, எந்தெந்த போர்ட் திறந்திருக்க வேண்டும், உங்கள் தொலைபேசி எண்.

லைசென்ஸ் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். "இணையம் இல்லாமல் லைசென்ஸை இயக்குவது எப்படி" என்ற பக்கத்தை இணையத்தில் மட்டும் வைத்திருக்கும் மென்பொருள்கள் உண்மையாகவே இருக்கின்றன. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிற கதைதான். பிராக்சி அமைப்பு, நெட்வொர்க் கோளாறு பற்றிய பக்கங்களும் இதே ரகம்.

வெளியே வைக்கக்கூடியவை: பயிற்சி வீடியோக்கள், வெளியீட்டுக்குப் பிறகு தெரிய வந்த கோளாறுகளின் பட்டியல், பாதுகாப்பு அறிவிப்புகள். இவை மாறிக்கொண்டே இருப்பவை, ஆன்லைனில் இருப்பதுதான் நியாயம்.

நிறுவல் வழிகாட்டியை மட்டும் இன்ஸ்டாலருக்குள் புதைக்காதீர்கள். நிறுவி முடித்த பிறகுதான் உதவி மெனு வரும், நிறுவத் தெரியாதவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? ஜிப்பைத் திறந்ததும் இன்ஸ்டாலருக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி வையுங்கள்.

படி 3: வடிவம்

பிடிஎஃப்-ஐப் பலர் திட்டுவார்கள், நான் திட்டமாட்டேன். ஒரே ஃபைல், எங்கேயும் திறக்கும், அச்செடுக்கலாம், தர ஆடிட்டுக்கு ஆள் வரும்போது பதிப்பு எண்ணோடு நீட்டலாம். ஆனால் கட்டளைகளை நகலெடுக்கும்போது அது காலை வாரும்: வரி பாதியில் உடைந்து வரும், நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடும், இரண்டு கோடு ஒரு நீளக் கோடாகச் சேர்ந்துவிடும். தமிழில் இன்னொரு தலைவலி உண்டு. ஆபரேட்டருக்கான பகுதியை மலாயோடு தமிழிலும் கொடுக்கிறீர்கள் என்றால், பிடிஎஃப்-இலிருந்து தமிழைத் தேடிப் பாருங்கள், நகலெடுத்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்று தேடினால் ஒன்றும் அகப்படாத பிடிஎஃப்கள் ஏராளம்.

சிஎச்எம் என்ற பழைய விண்டோஸ் உதவிக் கோப்பு 1997-இல் வந்தது. ஒரே ஃபைலில் தேடல், பொருளடக்கம் எல்லாம் இருக்கும், இன்றும் விண்டோஸில் திறக்கிறது. ஆனால் 2005-இல் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்து திறந்தால் உள்ளடக்கம் வராது. இணையத்திலிருந்து இறக்கிய சிஎச்எம்-ஐயும் பிராபர்ட்டீஸில் போய் 'அன்பிளாக்' செய்யும்வரை இடப்பக்கம் பொருளடக்கம் மட்டும் தெரிந்து வலப்பக்கம் காலியாக நிற்கும். அதற்கும் முந்தைய வின்ஹெல்ப் வடிவத்தை விண்டோஸ் விஸ்டாவிலேயே தூக்கிவிட்டார்கள். புதிதாக ஆரம்பிப்பவர் இந்தப் பக்கம் போக வேண்டாம். யூனிக்ஸின் மேனுவல் பக்கங்கள் 1971-இல் எழுதத் தொடங்கியவை, வெறும் எழுத்து என்பதால் இன்றும் படிக்க முடிகிறது. சாதா எச்டிஎம்எல்லும், அதாவது வலைப்பக்கம் எழுதும் வடிவமும், அந்த ஜாதிதான்.

ஆகவே என் தேர்வு: டிஸ்க்கிலிருந்து நேராகத் திறக்கும் ஒரு எச்டிஎம்எல் ஃபோல்டர், கூடவே அச்செடுக்க ஒரு பிடிஎஃப்.

படி 4: ஒரே மூலம்

வேர்டில் ஒன்று, வலைத்தளத்தில் ஒன்று என்று தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் ஆறே மாதத்தில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். மார்க்டவுன், ஆஸ்கிடாக் போன்ற எளிய எழுத்து வடிவம் ஒன்றில் ஒரு முறை எழுதுங்கள், மென்பொருளின் மூல நிரலும் அதன் மாற்றங்களும் பதிவாகும் அதே கிட் களஞ்சியத்தில் வையுங்கள். மென்பொருளுக்கு 4.2 என்று டேக் (பதிப்பு அடையாளம்) போடும்போது மேனுவலுக்கும் அதே டேக் விழும், எந்தப் பதிப்புக்கு எந்த மேனுவல் என்ற கேள்வியே எழாது.

இப்படி எழுதியதை மேனுவலாக மாற்றித் தரும் கருவிகளான ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ், ஆஸ்கிடாக்டர் மூன்றும் இலவசம், எதை எடுத்தாலும் சரி. ஸ்பிங்க்ஸில் ஒரே மூலத்திலிருந்து எச்டிஎம்எல், லேடெக் என்ற அச்சமைப்புக் கருவி வழியாக பிடிஎஃப், இபப் என்ற மின்னூல் எல்லாம் எடுக்கலாம். ஆன்லைனுக்கு மட்டும் வேண்டிய பத்திகளை நிபந்தனைக் குறிக்குள் போட்டுவிட்டால் ஆஃப்லைன் பிரதியில் அவை வராது. வீடியோ இருக்கும் இடத்தில் ஆஃப்லைன் பிரதியில் மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட்களும் எழுதிய படிகளும் வர வேண்டும், காலிப் பெட்டி வரக் கூடாது.

படி 5: இரட்டைக் கிளிக்கில் திறக்க வைப்பது

வேலை இங்கேதான் இருக்கிறது. வலைத்தளத்துக்காக உருவாக்கிய ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து அனுப்பினால் ஆஃப்லைன் மேனுவல் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது.

முதல் இடி லிங்க்கில். எம்கேடாக்ஸ் இயல்பாக ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஃபோல்டராக்கி, லிங்க்கை அந்த ஃபோல்டருக்குக் கொடுக்கும். சர்வரில் இருந்தால் உள்ளே உள்ள இண்டெக்ஸ் பக்கத்தை அது எடுத்துக் கொடுக்கும். டிஸ்க்கிலிருந்து திறந்தால் வாசகருக்குக் கிடைப்பது ஃபைல் பெயர்ப் பட்டியல்தான். அமைப்புக் கோப்பில் 'யூஸ் டைரக்டரி யூஆர்எல்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், தீர்ந்தது. அதே மாதிரி சாய்வுக் கோட்டில் ஆரம்பிக்கும் லிங்க்குகள் டிஸ்க்கில் நேராக டிரைவின் வேருக்கு ஓடிவிடும். எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லும் சார்பு லிங்க்காக இருக்க வேண்டும்.

அடுத்தது தேடல். டிஸ்க்கிலிருந்து திறந்த பக்கம் இன்னொரு ஃபைலைத் தானாகப் படிப்பதைப் பிரவுசர் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடுக்கும். தேடல் பட்டியலை ஜேசான் என்ற தரவு ஃபைலாக வைத்து இழுக்கும் கருவிகள் இதில் செத்துவிடும். தேடல் பெட்டி அழகாக இருக்கும், எதைத் தட்டினாலும் முடிவு வராது. ஸ்பிங்க்ஸ் தன் பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாகவே ஏற்றுவதால் தப்பிக்கிறது. எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் தீமில் ஆஃப்லைன் என்றே ஒரு பிளக்இன் உண்டு, அது தேடலையும் லிங்க்கையும் சேர்த்தே சரி செய்துவிடும். தேடல் இல்லாத மேனுவலை யாரும் படிக்கமாட்டார்கள், அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எழுத்துரு, ஐகான், கணிதக் குறியீட்டுக்கான மேத்ஜாக்ஸ் எல்லாவற்றையும் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். தமிழ்ப் பகுதி இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தே அனுப்பலாம், அதன் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. வருகையாளரை எண்ணும் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட்டை ஆஃப்லைன் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். துண்டிக்கப்பட்ட நெட்வொர்க்கில் ஒரு மேனுவல் வெளியே பேச முயல்வதை வாடிக்கையாளரின் பாதுகாப்புக் குழு பார்த்தால் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

ஃபைல் பெயர்கள் குட்டையாக, சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸில் முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஆழமான ஃபோல்டருக்குள் ஜிப்பை விரித்தால் பாதி ஃபைல் வராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

உங்கள் மென்பொருளிலேயே ஒரு வெப் சர்வர் ஓடுகிறது என்றால், மேனுவலை அதன் வழியே கொடுப்பது இன்னும் சுலபம். தேடல், லிங்க் எல்லாம் சர்வரில் ஓடுகிற மாதிரியே ஓடும். ஆனால் அந்த சர்வரே எழுந்திருக்காத நாளில்தானே மேனுவல் அவசரமாகத் தேவைப்படும்? அதனால் டிஸ்க் பிரதியும் இருந்தே ஆக வேண்டும்.

படி 6: உதவி பொத்தான்

பொத்தான் எப்போதும் உள்ளூர்ப் பிரதியைத்தான் திறக்க வேண்டும். முதலில் இணையம் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் ஆன்லைன், இல்லாவிட்டால் உள்ளூர் என்று புத்திசாலித்தனம் காட்டாதீர்கள். மேலே சொன்ன ஃபயர்வால் அந்தச் சோதனையையும் விழுங்கும், பொத்தானை அழுத்திய ஆள் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளூர்ப் பக்கத்தின் மேல் ஓரத்தில் பதிப்பு எண்ணும், "இதன் புதிய பிரதி இணையத்தில்" என்று ஒரு லிங்க்கும் போதும்.

எரர் பெட்டியிலிருந்து அந்த எரருக்கான பத்திக்கே நேராகப் போக வைப்பது நல்ல பழக்கம். ஆனால் விண்டோஸில் டிஸ்க் ஃபைலைத் திறக்கச் சொல்லும்போது முகவரியின் கடைசியில் ஹாஷ் குறிக்குப் பிறகு வரும் பகுதி பல சமயம் வழியிலேயே கழன்றுவிடும், பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். ஒவ்வொரு எரர் கோடுக்கும் தனித்தனி சின்னப் பக்கமாகப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வெளி லிங்க்குகளுக்கு ஒரு கண்டிப்பான விதி: பதிப்பு எண் உள்ள முகவரி மட்டும். 'லேட்டஸ்ட்' என்று முடியும் முகவரியைக் கொடுத்தால், 4.2 வைத்திருப்பவர் நான்கு வருடம் கழித்து 6.0-இன் பக்கத்தைப் படித்து, தன் திரையில் இல்லாத மெனுவைத் தேடிக்கொண்டிருப்பார். அனுப்பிவிட்ட பிரதியில் உள்ள லிங்க்கை உங்களால் திருத்த முடியாது என்பதால், உங்கள் டொமைனில் சின்ன முகவரிகளை வைத்து அங்கிருந்து உண்மையான பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். தளத்தை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் திருப்பும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். அந்த முகவரியை எழுத்தாகவும் திரையில் காட்டுங்கள், ஒருவர் தாளில் குறித்துக்கொண்டு வெளியே வேறு கணினியில் தட்டிப் பார்க்கலாம். கியூஆர் குறி போடலாமே என்பார்கள். கைப்பேசி லாக்கரில் இருக்கும் இடத்தில் எதை வைத்து ஸ்கேன் செய்வது?

மேனுவலைப் படிக்க லாகின் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியானதும் மேனுவலும் பூட்டிக்கொள்கிற மென்பொருள் ஒன்றோடு நான் வேலை செய்திருக்கிறேன், பெயர் வேண்டாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வைக்க அது நல்ல வழி என்று அவர்கள் நினைத்திருக்கலாம், வாடிக்கையாளர் வேறு மென்பொருள் தேட ஆரம்பித்ததுதான் நடந்தது.

படி 7: சோதனை

உங்கள் கணினியில் சோதிக்காதீர்கள். அங்கே எல்லா எழுத்துருவும் இருக்கும், பிரவுசர் கேஷில் பாதித் தளம் கிடக்கும், எல்லாம் ஓடுகிற மாதிரி தெரியும். நெட்வொர்க் அடாப்டரே இல்லாத ஒரு புது வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) எடுங்கள், அட்மின் உரிமை இல்லாத கணக்கில் நுழையுங்கள், வாடிக்கையாளருக்குப் போகும் அதே ஜிப்பை விரியுங்கள். முதல் பக்கம், ஐந்தாறு லிங்க், தேடலில் ஒரு எரர் கோட், எஃப்1 விசை, ஒரு பக்கம் அச்சு. வாடிக்கையாளரிடம் பழைய பிரவுசர் என்றால் அதே பதிப்பிலும் ஒரு தடவை.

இதற்கு முன்னாலேயே ஒரு வடிகட்டி போடலாம்: உருவான ஃபைல்கள் முழுவதிலும் எச்டிடிபி என்று ஆரம்பிக்கும் முகவரிகளைத் தேடுங்கள். வாசகர் விரும்பினால் அழுத்தும் லிங்க்காக இருந்தால் இருக்கட்டும், பக்கம் தானாக இழுக்கும் படமோ ஸ்கிரிப்ட்டோ ஸ்டைல் ஃபைலோ என்றால் அது கோளாறு. இதைத் தானியங்கி பில்டில், அதாவது மூலத்திலிருந்து ஃபைல்களை உருவாக்கும் வேலையில், சேர்த்து, ஒன்று அகப்பட்டாலும் பில்ட் நின்றுவிடும்படி செய்யுங்கள். ஸ்பிங்க்ஸில் எச்சரிக்கைகளைப் பிழையாக எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு, உடைந்த உள் லிங்க்குகள் அதிலேயே சிக்கும்.

படி 8: புதுப்பிப்பு

ஆஃப்லைன் மேனுவல் பழசாகிவிடும் என்பதுதான் இதற்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் 4.2-ஐ நிறுவியவரிடம் 4.2-இன் மேனுவல் இருப்பது பழசு ஆகாது. தவறு திருத்தங்களுக்கு மென்பொருளைத் தொடாமல் மேனுவலை மட்டும் தனி ஜிப்பாக வெளியிடுங்கள்: "4.2, மேனுவல் திருத்தம் 3" என்ற பெயரில், முதல் பக்கத்திலேயே என்ன மாறியது என்ற நாலு வரியோடு. பழைய ஃபோல்டர் மேல் விரித்தால் போதும் என்ற அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும்.

கூடவே ஃபைல் வழியில் மாறவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணையும் கொடுங்கள். விண்டோஸில் கூடவே வரும் செர்ட்யூட்டில் கருவியால் அதைச் சரிபார்க்கலாம், வேறு எதையும் நிறுவ வேண்டாம். ஸ்கேன் கணினி வழியாக ஃபைல் ஏற்றும் இடங்களில் இந்த எண் இருந்தால் ஐடி ஆள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். ஜிப்பில் ஓடக்கூடிய நிரல் எதுவும் வேண்டாம். இஎக்ஸ்இ ஒன்று உள்ளே இருந்தாலே அனுமதிக்கு இன்னொரு வாரம் ஆகும்.

பழைய பதிப்புகளின் ஜிப்களை அழிக்காமல், லாகின் இல்லாத ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்திருங்கள். வட்டு இடம் ஒரு பொருட்டே இல்லை, மேனுவல் சில பத்து எம்பிதான் வரும். இன்னும் வாங்காத வாடிக்கையாளராக நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஏற்புச் சோதனைப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு உதவி பொத்தானை அழுத்திக் காட்ட வேண்டும், தேடலும் ஓட வேண்டும். பணத்தின் கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.